வந்தவரைப் பார்க்காத அக்கா

யார் ஓடிவந்து எதிரில் நின்றாலும் அவருடைய பார்வை அந்த ஆளின் தோளைத் தாண்டிப் போய்விடும். மூச்சு வாங்க, முழங்கையெல்லாம் முள் கீறி, முதல் ஆளாக வந்து நிற்போம். அட்டையை நீட்டுவோம். கை அதை வாங்கிக்கொள்ளும். கண் மட்டும் நமக்குப் பின்னால் இருக்கிற புதரில் கிடக்கும். அடுத்தது யார், எந்தப் பக்கமிருந்து, இன்னும் உள்ளே யார் யார்.

"வந்தியா? ஓரமா நில்லும்மா, வழிய மறைக்காத."

ஜெயித்தவருக்கும் இதுதான், தோற்றவருக்கும் இதுதான்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய சங்கம் எங்களுடையது. ஓரியன்டீரிங் என்பார்கள். கையில் ஒரு வரைபடம், கட்டைவிரலில் மாட்டிய திசைகாட்டி, அவ்வளவுதான் ஆயுதம். ஆரஞ்சும் வெள்ளையுமான துணிக் கொடிகளை முந்தின நாளே யாரோ போய்ப் பாறை இடுக்கிலும், வற்றிய ஏரியின் மதகிலும், ஈச்சம்புதரின் முதுகிலும் கட்டிவிட்டு வந்திருப்பார்கள். வரைபடத்தில் உள்ள வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கொடியோடு தொங்கும் ஊசிக் கருவியால் கிளம்பும்போது பெயர் போட்டுக் கொடுத்த அட்டையில் குத்திக்கொண்டு, திரும்பி வர வேண்டும். பாதை கிடையாது. பாதை இருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். குரோம்பேட்டையில் வாரம் முழுக்கப் போன வழியே போய், வந்த வழியே வந்துகொண்டிருக்கும் கால்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு காடு வேண்டியிருந்தது. காடு என்றால் பெரிய காடில்லை. அடுக்குமாடிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நடுவில் இன்னும் விலை படியாமல் கிடக்கும் முட்காடு.

எங்கள் குழுவில் ஒரு புலவர் மனசுக்காரர் இந்த ஆட்டத்தைத் 'திசையோட்டம்' என்று தமிழாக்கினார். அக்கா அதைக் 'கொடி தேடுற ஆட்டம்' என்பார். ஒருநாள்கூட அவர் ஆடியதில்லை.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு பூட்டினால்தான். வேங்கைவாசல் பக்கத்துப் பழைய குடும்பம். நெல் விளைந்த இடமெல்லாம் வாடகைக் குடித்தனமாகிவிட்ட பிறகு, ஒரு தோப்பும் அதை ஒட்டிய புதர்க்காடும் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டோம். கொடுத்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். எல்லாரும் வெளியே வந்ததும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கவலை.

போட்டி முடிந்து, பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்து, கைதட்டி முடித்துச் சங்கத் தலைவர் கிளம்பினார். குரோம்பேட்டையில் ஆடிட்டராக இருப்பவர், கணக்கே தொழில்.

"எத்தினி பேரு சார் உள்ள போனீங்க?"

"ஒரு அறுபது பேர் இருக்கும்மா."

"இருக்குமா? ஆட்ட மேய வுட்டாகூட எத்தினின்னு தெரிஞ்சிகினுதானே வுடுவாங்க. இருக்கும்னு சொல்றீங்களே."

எண்ணிப் பார்த்தால் ஒருவர் குறைந்தார். வங்கி அதிகாரி. வேலிக்காத்தான் முள்ளில் சட்டையோடு சிக்கிக்கொண்டு, கூப்பிட்டால் கௌரவம் போய்விடும் என்று வாயை மூடி நின்றுகொண்டிருந்தார். அக்காதான் அரிவாளோடு போய் வெட்டி எடுத்து வந்தார். "கத்திருக்கலாம்ல சார்?" என்றதற்கு அவர் சொன்ன பதிலை அக்கா பல வருடம் நடித்துக் காட்டுவார். "எல்லாரும் சிரிப்பாங்களே." சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிக்கும்போதும் கண் எங்கோ போய்வரும்.

அடுத்த வாரம் போட்டி மாடம்பாக்கம் ஏரிப் பக்கம். கேட் இல்லை, வேலி இல்லை, பூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அக்கா வந்து நின்றார். அதற்கடுத்த வாரமும். அப்படித்தான் கேட்டே இல்லாத இடங்களுக்கெல்லாம் அவர் கேட் அக்கா ஆனார்.

சட்டம் ஒன்றுதான். உள்ளே போனவர் எல்லாக் கொடியையும் பார்த்தாலும் சரி, ஒன்றையும் பார்க்காமல் நடுவில் விட்டுவிட்டு வந்தாலும் சரி, அட்டையை அவர் கையில் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். உலகம் முழுக்க இந்த ஆட்டத்துக்கு உள்ள சட்டம்தான் அது. மற்ற இடங்களில் அது விதிப்புத்தகத்தில் இருக்கும். எங்களுக்கு எதிரில் நின்றது.

மேடவாக்கத்தில் இருந்து வரும் கம்ப்யூட்டர்க்கார இளைஞர் ஒருவர் ஒருமுறை நாலாவது கொடி கிடைக்காமல் வெறுத்துப்போய், புதரைத் தாண்டிச் சாலைக்கு ஏறி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். போனை அணைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே பொழுது சாயும்வரை தேடினோம். விவரம் தெரிந்ததும் எல்லாருக்கும் வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அக்கா என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். மேடவாக்கத்துத் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போய், லிஃப்டில் ஏறி, மணியை அடித்தோம். அவர் மனைவி கதவைத் திறந்தாள்.

"தம்பி கீறாராம்மா?"

அவர் லுங்கியோடு வந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அட்டையக் குடு தம்பி."

அவர் உள்ளே போய்த் தேடி எடுத்துவந்து கொடுத்தார். வாங்கிக் கட்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டார்.

"சரி. வந்தாச்சி. நீ மேட்ச் பாரு."

வசவே இல்லை. அந்தத் தம்பி அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும், காலில் ரத்தம் வந்தாலும், அட்டையைக் கொடுக்காமல் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அவரைப் பற்றிக் கதைகள் உண்டாகாமல் இருக்குமா? அக்காவின் தம்பி ஒருவன் சின்ன வயதில் தொலைந்து போனானாம். இல்லை, புருஷன் ஒருநாள் வெளியே போனவர் திரும்பவில்லையாம். எங்கள் குழுவில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கும் அப்படி ஏதாவது இருக்க வேண்டும் என்று மனம் அரித்தது. மனிதர் ஒரு மாதிரி இருந்தால் அதற்கு ஒரு காயம் வேண்டும் நமக்கு. கேட்டேவிட்டேன்.

"இன்னா பேஜார் புடிச்ச கதைம்மா இது! எங்க வூட்ல அல்லாரும் கரெக்ட்டா சோத்து நேரத்துக்கு வந்துடுவாங்க. எந்தம்பி இப்பகூட வந்துகினுதான் கீறான், வாடகை வாங்க."

"அப்ப ஏங்க்கா இப்படி?"

"எப்புடி?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே எப்படி உட்காருவது என்பது அவருக்கு ஒரு கேள்வியாகக்கூட இருக்கவில்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு தூக்கம் சரியாக வரவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை சாதனையாளர்களைப் பாராட்டுவோம். சின்ன மேடை, பேனர், பொன்னாடை, கேடயம், போண்டா. வெளிமாநிலப் போட்டிக்குப் போனவர், எழுபது வயதில் எல்லாக் கொடியையும் குத்தியவர், பிள்ளை பெற்ற வருடமே திரும்பி ஓடியவள் என்று ஒவ்வொருவராக ஏற்றுவோம். ஒரு வருடம் எங்களில் ஒருவர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்ப் பதக்கத்தோடு வந்திருந்தார். ஆளாளுக்கு அதைக் கையில் வாங்கிப் பார்த்தோம், எடை பார்த்தோம், படம் எடுத்தோம். அக்காவிடமும் நீட்டினார். அவர் தொடவில்லை.

"எத்தினி பேரு போனீங்க?"

"ஆறு பேர்க்கா."

"ஆறு பேரும் வந்துட்டீங்களா?"

பதக்கம் வாங்கியவர் முகம் எப்படிப் போயிற்று என்பதை நான் மறக்கவில்லை. அன்று சிரித்தேன். என் முறை வந்தபோது சிரிக்க முடியவில்லை.

என் முறை போன வருடம் வந்தது. பெண்கள் பிரிவில், என் வயதுக்காரர்களில், அந்த வருடம் அதுவரை ஓடியதைக் கூட்டிப் பார்த்ததில், கடைசிப் போட்டி எப்படிப் போனாலும் நான்தான் முதலாவது. பள்ளிக்கூடத்தில் ஒரு எலுமிச்சை-ஸ்பூன் ஓட்டத்தில்கூட எனக்கு யாரும் கைதட்டியதில்லை. நாற்பத்தாறு வயதில் ஒரு கேடயம் வருகிறது. அம்மாவைக் கூப்பிட்டேன். ஞாயிறுதோறும் நான் ஷூ மாட்டும்போது வாசலில் நின்று, "யார் தொலைச்ச கொடிய நீ போய்த் தேடுற?" என்று கேட்கிற அம்மா. பட்டுப்புடவை கட்டி, முட்டிக்கு உறை போட்டு, ஆட்டோவில் வந்து இறங்கினாள். மேடையில் என் பெயர் வாசிக்கப்படுவதை அவள் காதால் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். இல்லை, இன்னொன்றும் வேண்டியிருந்தது. அந்த அக்கா ஒரு தடவை என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காலையில் வருடத்தின் கடைசிப் போட்டி, அது முடிந்ததும் போட்டி முடியும் இடத்துக்கு எதிரிலேயே ஒரு சிறு மண்டபத்தில் விழா. போட்டி நடந்தது ஒரு கைவிட்ட கல்குவாரிக் காட்டில். கல் எடுத்த குழிகளில் மழைத்தண்ணீர் பச்சையாக நிற்கும், விளிம்பு எது புல் எது என்று தெரியாது. அன்று நான் யாரையும்விட முதலில் வெளியே வந்தேன். ஆண்களையும் சேர்த்து. அட்டையை நீட்டினேன். அக்கா வாங்கினார். என் காதோரமாகக் காட்டைப் பார்த்தார்.

"ஓரமா நில்லும்மா."

எல்லாரும் வந்துவிட்டார்கள், ஒருவனைத் தவிர. தினேஷ் என்று ஒரு பையன், வேளச்சேரி பக்கம் வேலை, மூன்றாவதோ நாலாவதோ தடவைதான் வருகிறான். கிளம்பும் இடத்தில் பெயர் கூப்பிட்டபோது பதில் வந்திருக்கிறது, அட்டை போயிருக்கிறது. அட்டை திரும்பவில்லை. போன் அணைந்திருந்தது.

மண்டபத்தில் பேனர் கட்டியாகிவிட்டது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, மதியம் இன்னொரு விழாவுக்கு வாக்குக் கொடுத்தவர். அட்டைகளைப் பார்த்து அன்றைய புள்ளிகளைக் கூட்டினால்தான் வருடக் கணக்கு முடியும். அட்டைக் கட்டு அக்காவின் இடுப்பில் இருந்தது.

தலைவர் ஓடிவந்தார். "அக்கா, சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு. கார்டைக் குடுங்க, ஆரம்பிச்சிடறோம்."

"வந்தவரு வந்துட்டாரு சார். வராதவன் இன்னும் வரலியே."

"அந்த மேடவாக்கம் கேஸ் மாதிரிதான்க்கா. வீட்டுக்குப் போயிருப்பான்."

"வூட்ல கீறான்னு தெரிஞ்சா நானே குடுத்துடுவேன். தெரில இல்ல?"

"நாங்க குழிப் பக்கம் ஒரு கொடிகூட வைக்கலையே."

"கொடி வெக்கல, சரி. வழி தப்புனவன் கொடி கீற பக்கமா பாத்துப் பாத்தா போவான்?"

பச்சைத் தண்ணீரை எல்லாரும் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டோம். தேடக் கிளம்பினோம்.

வெயில் ஏறியது. விசில் ஊதினோம், பெயர் சொல்லிக் கத்தினோம். எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவன் பிரவீன், தினேஷை இந்த ஆட்டத்துக்குக் கூட்டிவந்த சிநேகிதன். தொண்டை கட்டிப்போய், "மச்சான்! மச்சான்!" என்று ஒவ்வொரு குழி விளிம்பிலும் மண்டியிட்டுப் பார்த்தான். நான் காட்டுக்கும் மண்டபத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். காட்டில் இருந்தால் அம்மா நினைப்பு, அம்மாவிடம் போனால் குழி நினைப்பு. எங்கே நின்றாலும் கால் கீழே பாவவில்லை.

அம்மா முன்வரிசை நாற்காலியில் அசையாமல் இருந்தாள். "எவ்ளோ நேரமானாலும் இருக்கேன். பார்த்துட்டுதான் போவேன்," என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?" என்றாள்.

சிறப்பு விருந்தினர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை எழுந்தார். தனக்குப் போட வைத்திருந்த பொன்னாடையைத் தாண்டிக்கொண்டு காரில் ஏறினார். தலைவர் ஓடிப்போய்க் கார் கண்ணாடியில் ஏதோ கெஞ்சினார். கார் நகர்ந்தது. போண்டா தீர்ந்தது. குழந்தைகளோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் விழா கண்ணெதிரில் கரைந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அந்தப் பையன் மேல் இல்லை, இடுப்பில் அட்டைக் கட்டோடு காட்டைப் பார்த்து நின்ற அந்த முதுகின் மேல். அதே நொடியில், அந்த முதுகு திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்று பயமாகவும் இருந்தது.

பிரவீன் திரும்பி வந்து, முகம் துடைக்க இடுப்புப் பைக்குள் கைக்குட்டை தேடினான். கைக்குட்டையோடு ஒரு அட்டை வந்தது. குத்தப்படாத, வெள்ளை வெளேரென்ற அட்டை. மேலே தினேஷின் பெயர்.

அவனே அதைப் பேந்தப் பேந்தப் பார்த்தான்.

விஷயம் இதுதான். காலையில் தினேஷ், "வந்துட்டே இருக்கேன் மச்சான்" என்று செய்தி அனுப்பியிருக்கிறான், படுக்கையில் இருந்தபடி. கிளம்பும் இடத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுத்த பழக்கத்தில் பிரவீன், "எஸ் சார்" என்று சொல்லி, அட்டையையும் வாங்கிவிட்டான். மேசையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். அதற்குள் அவனுடைய சொந்தப் பெயரே வந்துவிட்டது. அட்டையைப் பையில் போட்டுவிட்டு, மறந்து ஓடிவிட்டான். திரும்பி வந்து தினேஷ் உள்ளே இருப்பதாக எல்லாரும் சொன்னதும், வந்துவிட்டான்போல என்று இவனும் நம்பிவிட்டான். காட்டுக்குள் கால் வைக்காத ஒருவனைத்தான் அவன் தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கிறான். யாரோ தினேஷின் அறைத் தோழனைப் பிடித்தார்கள். அவன் போனிலேயே சிரித்தான். "அவனா? இன்னும் எழுந்துக்கவே இல்லீங்க."

அப்போது கிளம்பிய சத்தத்தை எழுத முடியாது. பிரவீனைத் திட்டினார்கள், தினேஷின் பரம்பரையைத் திட்டினார்கள், பிறகு எல்லாம் சுற்றி அக்காவிடம் வந்தது.

"நீங்க கார்டைக் குடுத்திருந்தா விழாவாவது நடந்திருக்கும்க்கா! அந்த மனுஷன் இனிமே நம்ம பக்கம் எட்டிப் பார்ப்பாரா? இல்லாத ஆளுக்காக இத்தனை பேரை நிக்க வெச்சிட்டீங்களே!" தலைவர் கத்தினார். ஒரு மாத உழைப்பு.

அக்கா அவர் சொன்னதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "அப்ப உள்ள யாருமே இல்லியா சார்?"

"இல்ல!"

"நிச்சியமா?"

"அதான் தூங்குறானே!"

"அப்பாடி," என்றார் அக்கா. அப்படியே மண்டப வாசலில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருடமாகப் பார்க்கிறேன், போட்டி நடக்கும் இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியில் இன்னும் சின்ன ஆளாகத் தெரிந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. தோற்றவர்களுக்கு நடுவில் ஜெயித்த ஒரே ஆள்போல இருந்தார். அதைப் பார்க்க எனக்கு அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

கேடயங்களை அட்டைப்பெட்டியோடு காரில் ஏற்றிக்கொண்டு, "அடுத்த மாசம் பார்ப்போம்," என்று தலைவர் போனார். பேனரை அவிழ்த்தார்கள். கூடம் காலியானது. அம்மா மட்டும் முன்வரிசையில், மடியில் கைப்பையோடு. இப்போது எழுந்தால் விழா நடக்கவில்லை என்று ஆகிவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தூணைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா, நீ எப்பம்மா வந்த?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "காலைலயேக்கா. எல்லாருக்கும் முன்னாடி. உங்க கையிலதான் குடுத்தேன்."

"மெய்யாவா?" கட்டை அவிழ்த்து அடியில் இருந்த அட்டையை உருவினார். துளைகளை விரலால் தடவினார். "அட, ஆமா. மொத ஆளு. ஏம்மா, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல அந்தப் பெரிய குழி கீதே, விளிம்பு மேல ஏறி வந்தியா, சுத்திகினு வந்தியா?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எத்தனாவது என்று கேட்பார்கள், எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். எப்படி வந்தாய் என்று கேட்டதில்லை.

"குழியா?" என்றாள் அம்மா. "என்ன குழி? இதெல்லாம் நீ சொல்லவே இல்லையே."

"பெருசு அம்மா. நம்ம தெரு அகலத்துக்குக் கீது," என்றார் அக்கா, எதிரியைப் பற்றிச் சொல்வதுபோல.

நான் நின்றபடி சொல்ல ஆரம்பித்தேன். முதல் கொடி ஒரு காரை வீட்டுச் சுவருக்குப் பின்னால். இரண்டாவது ஈச்சம்புதரில், அங்கே கீரி ஒன்று என்னைப் பார்த்துவிட்டு எனக்கு வழிவிடாமல் உட்கார்ந்திருந்தது. அம்மா, "ஐயோ," என்றாள். பிறகு, "கீரிய பார்த்தா நல்லதுதான்," என்று தானே சமாதானமானாள். குழியைச் சுற்றிப் போனால் நேரம் ஆகும். விளிம்பு வழியாகப் போனேன். பாதியில் காலடிக் கல் ஒன்று உருண்டு கீழே போனது. விழுந்த சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. நான் அங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று அந்த நேரம் நினைத்தேன்.

சொல்லிவிட்டு நிறுத்தினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

"அப்பறம்?" என்றார் அக்கா. கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"அப்புறம் என்னக்கா. வந்துட்டேன்."

"அத்த வுடு. எப்புடி வந்த? அந்தக் கல்லு உருண்டுதே, அங்கேர்ந்து சொல்லு."

அங்கிருந்து சொன்னேன். இருந்த இடத்திலேயே குந்தி, கையால் தரையைத் தடவித் தடவிப் பின்னால் நகர்ந்தது, ஒரு கொன்றை வேரைப் பிடித்தது, மூன்றாவது கொடி, நாலாவது கொடி, வழி தவறி மறுபடி ஈச்சம்புதருக்கே வந்தது, எரிச்சலில் அழுதது, ஒவ்வொன்றாக. அவசரமே படவில்லை. பொன்னாடை இல்லை, மைக் இல்லை, கைதட்டல் இல்லை. நான் காட்டை விட்டு வெளியே வந்து சேரும்வரை அந்த இரண்டு பேரும் நாற்காலியிலிருந்து எழவில்லை.